கத்திக்கு முந்திய நாட்கள்

ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை எழுந்த காலந்தொட்டு, ஷிப்டுக்கும் யந்திரத்தின் கதிக்கும் சரீரத்தைப் பழக்கிக்கொண்ட எங்களைப் போன்றவர்கள், நோய் என்று வந்தால் அந்தச் சரீரத்தை வைத்தியர் கையில் ஒப்படைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வதையே தைரியம் என்று எண்ணி வந்திருக்கிறோம். மலக்குடலில் கட்டி என்று நிச்சயமாகி, சஸ்திர சிகிச்சைக்குத் தேதியும் குறிக்கப்பட்டு, இடைப்பட்ட வாரங்களை வீட்டில் கழித்துவரும் எனக்கு, அந்த எண்ணம் சரியல்ல என்று இப்போது திடமாகத் தோன்றுகிறது. கத்தி பிடிக்கும் சில மணி நேரம் வைத்தியருடையது. அதற்கு முந்திய நாட்கள் நோயாளியுடையவை.

அந்நாட்களில் செய்யவேண்டிய காரியங்கள் பல. புகைப்பவர் குறைந்தது 4 வாரங்களுக்கு முன்பே அதை விட்டுவிட வேண்டும். ரத்தசோகை இருந்தால் அதைச் சரிசெய்துகொள்ள வேண்டும். மூன்று பந்துகள் உள்ள சிறு கருவியில் மூச்சை இழுத்து நுரையீரலைப் பழக்க வேண்டும். நாங்கள் பிறந்தது முதல் உண்டு வளர்ந்த கேழ்வரகுக் களியும் கீரையும், கிருஷ்ணகிரி மாம்பழமுங்கூட, நார்ச்சத்து மிகுந்தவை என்பதால் கடைசி நாட்களில் விலக்கப்படுகின்றன. முந்தின நாள் இளநீரும் வடிகட்டிய கஞ்சித் தெளிவும் மாத்திரமே. பிறகு பேதிப் பொடியைக் கரைத்த நீரை டம்ளர் டம்ளராகக் குடித்துக் குடலைச் சுத்தமாக்குவது. நள்ளிரவுக்குப் பின் ஒரு சொட்டு நீரும் ஆகாது என்றிருந்த பழைய விதி தளர்ந்து, மயக்க மருந்துக்கு 2 மணி நேரம் முன்புவரை தெளிந்த நீர் அருந்தலாம் என்றாகியிருக்கிறது. 1990களில் டென்மார்க் தேசத்து வைத்தியர் ஹென்ரிக் கெலெட், நோயாளியைப் பட்டினி போட்டுப் படுக்கையில் கிடத்தும் வழக்கங்களை ஒவ்வொன்றாகக் கேள்விக்குள்ளாக்கியது, இன்று எங்களைப் போன்றவர்களுக்கு அனுகூலமாக வந்து சேர்ந்திருக்கிறது.

இவையெல்லாம் சுலபம். கடினமானது வேறொன்று. கீழே குடலை வெட்டி இணைத்த இடம் ஆறும்வரை, மலம் வெளியேறுவதற்கு வயிற்றில் ஒரு வாய் வைத்து, அதன்மேல் பை ஒட்டவேண்டி வரலாம் என்றார்கள். சிலருக்கு அது ஆயுள் முழுவதற்குமானது. ஸ்டோமா எனப்படும் அந்த வாய்க்கு முன்கூட்டியே இடம் குறிப்பதற்காக, செவிலியர் என்னை உட்காரச் சொன்னார், நிற்கச் சொன்னார், குனியச் சொன்னார். வேட்டியை எங்கே கட்டுகிறீர்கள், பெல்ட் எங்கே படியும் என்றெல்லாம் பொறுமையாகக் கேட்டார். தோல் மடிப்பிலோ இடுப்புக்கட்டிலோ அந்த இடம் அமைந்துவிட்டால் பை சரியாக ஒட்டாமல் கசிந்து, சுற்றியுள்ள தோல் புண்ணாகிவிடுமாம். பேனாவால் வைத்த அந்தப் புள்ளியை என் மனைவியிடம் காட்டிப் பேசியபோதுதான், சஸ்திர சிகிச்சைக்கு நான் உண்மையாகவே ஆயத்தமானேன் என்று நினைக்கிறேன்.

அத்திப்பள்ளியைத் தாண்டிப் பெங்களூருக்குப் போய் வைத்தியம் பார்த்துக்கொள்வது எங்கள் ஊரார் பலருக்கு வழக்கம். ஆனால் தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் பேசுகிற நாங்கள், மூன்று பாஷைகளிலும் மலக்குடல் என்ற இந்த ஓர் அவயவத்தைப் பற்றி மாத்திரம் வாய் திறப்பதில்லை. அந்த லஜ்ஜையால் கழியும் மாதங்களில் கட்டி வளர்ந்துவிடுகிறது. 1920களில் தம் தங்கையை மலக்குடல் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, அந்தத் துக்கத்தை வீட்டுக்குள் பூட்டிவைக்காமல் பல்லாண்டு பாடுபட்டு, 1954இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையாக அதை எழுப்பினார். நம்மால் அவ்வளவு ஆகாவிட்டாலும், நம் வீட்டாரிடமாவது பேச முடியும்.

மலத்தோடு ரத்தம் போனால், மூலம் என்று தாமே தீர்மானித்துக்கொண்டு யாரும் காலம் கடத்த வேண்டாம், வைத்தியரிடம் காட்டுங்கள். உங்கள் குடும்பத்தில் எவருக்கேனும் இந்தச் சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தால், ஸ்டோமா வைக்கப்படுமா, எந்த இடத்தில், எத்தனை காலத்துக்கு என்பதை, அவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இப்போதே வாய்விட்டுக் கேளுங்கள்.