கணக்குக் கேட்பது துருவுதல் ஆகுமா?

எங்கள் மஹல்லாவின் வாலிபர் ஒருவர் சென்ற ஆண்டு பத்து ரூபாய் கட்டணத்துடன் ஒரு மனுப் போட்டார். எங்கள் தெருவுக்கு வடிகால் கட்டி முடித்துவிட்டதாக ஏட்டில் இருக்கிறது என்று அவர் காதுக்கு எட்டியிருந்தது. தெருவிலோ பாதி வாய்க்கால்தான். செலவு எவ்வளவு, அளந்து கையொப்பமிட்டவர் யார் என்பவற்றைத்தான் கேட்டார்.

மறுவாரம் ஜமாஅத்துப் பெரியவர் ஒருவர் என் அறைக்கு வந்தார். “ஹஜ்ரத், அந்தப் பையனைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். அதிகாரிகள் நமக்கு வேண்டியவர்கள். பிறர் மீது கெட்ட எண்ணம் கொள்வதும் துருவித் துருவி ஆராய்வதும் ஹராம் என்று நீங்களே பயான் செய்திருக்கிறீர்களே!” என்றார். நான் உடனே பதில் சொல்லவில்லை. சொல்ல முடியவில்லை என்பதே உண்மை.

அவர் சொன்னது பொய்யல்ல. திருமறையின் ஹுஜுராத் அத்தியாயம் வீண் சந்தேகத்தையும் உளவு பார்ப்பதையும் தெளிவாகத் தடுக்கிறது. ஒரு முஸ்லிமின் குறையை மறைப்பவரின் குறையை அல்லாஹ் மறைப்பான் என்பதும் நாம் அறிந்த ஹதீஸே. ஆயின் இந்தத் தடை எந்த வீட்டு வாசலில் நிற்கிறது என்பதையன்றோ முதலில் பார்க்க வேண்டும்?

ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்களைப் பற்றி இரண்டு சம்பவங்களைப் பெரியோர் எழுதி வைத்துள்ளனர். ஓர் இரவு ஒரு வீட்டின் சுவரேறிக் குதித்து, உள்ளே பாவம் செய்துகொண்டிருந்தவரைக் கலீபா கையும் களவுமாகப் பிடித்தார்கள். அவரோ, நான் செய்தது ஒரு பாவம், தாங்கள் செய்தது மூன்று. துருவினீர்கள், வாசல் வழி வரவில்லை, ஸலாமும் சொல்லவில்லை என்றார். கலீபா அவரை விட்டுவிட்டுத் திரும்பினார்கள். மற்றொரு நாள் அதே உமர் (ரலி) அவர்கள் மிம்பரில் நிற்கிறார்கள். எல்லாருக்கும் ஒரு துண்டுத் துணி பங்கு கிடைத்திருக்க, தங்கள் உடம்பில் இரண்டு துண்டு எப்படி வந்தது என்று கூட்டத்திலிருந்து ஒருவர் கேட்கிறார். கலீபா சினக்கவில்லை, இது துருவுதல் என்று ஆயத்து ஓதிக் காட்டவுமில்லை. மகனார் அப்துல்லாஹ் (ரலி) எழுந்து, என் பங்கைத் தந்தைக்குக் கொடுத்தேன் என்று சொன்ன பிறகே பிரசங்கம் தொடர்ந்தது.

குடிமகனின் சுவருக்கு உள்ளே கலீபா பார்க்கக் கூடாது. கலீபாவின் சட்டையைக் குடிமகன் பார்க்கலாம். ஏனெனில் அந்தத் துணி பைத்துல் மாலிலிருந்து வந்தது. பொதுப்பொருளைத் தொட்ட கை அந்த அளவுக்கு அந்தரங்கத்தை இழந்துவிடுகிறது.

புகாரி ஷரீபில் வரும் இப்னுல் லுத்பிய்யாவின் செய்தி இதைவிட நுட்பமானது. ஜகாத் வசூலித்து வந்தவர், இது உங்களுக்கு, இது எனக்கு அன்பளிப்பாகக் கிடைத்தது என்றார். நபி பெருமானார் (ஸல்) அவர்கள் அவரிடம் கணக்குக் கேட்டார்கள். பின்னர், தாய் தந்தையர் வீட்டில் உட்கார்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு தேடி வந்திருக்குமா என்று மக்கள் முன் பேசினார்கள். அந்தப் பேச்சில் ஆளின் பெயரில்லை. செய்கை வெளியே வந்தது, மானம் காக்கப்பட்டது. ஓதும் பிள்ளைகளுக்கு இந்த இடத்தைச் சொல்லும்போது நான் சற்று நிறுத்துவதுண்டு.

கெட்ட எண்ணத்துக்கு மருந்து வாயை மூடுவதா? இஃதிகாபில் இருந்த அண்ணலார் (ஸல்) அவர்கள், தம்மைக் காண வந்த மனைவியார் ஸபிய்யா (ரலி) அவர்களை இரவில் வழியனுப்பச் சென்றபோது, அன்ஸாரிகள் இருவர் கண்டு விரைந்து நடந்தனர். அவர்களை நிறுத்தி, இவர் ஸபிய்யா என்று தாமே அறிவித்தார்கள். யாரும் கேட்கவில்லை. சந்தேகம் பிறக்கும் முன்பே விளக்கம் வந்துவிட்டது. 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் நான்காம் பிரிவு இதற்கு ஒப்பானது: அலுவலகங்கள் யாரும் மனுப் போடாமலே பல விவரங்களைத் தாமாக வெளியிட வேண்டும்.

இச்சட்டம் மேலிருந்து இறங்கிய தயவு அன்று. 1997-இலேயே தமிழ்நாடு இப்படி ஒரு சட்டம் இயற்றியது. முதல் மாநிலம் என்ற பெருமை உண்டு, விலக்குகளோ ஏராளம். உயிர் கொடுத்தது ராஜஸ்தானத்துக் கூலிமக்கள். உழைத்தவனுக்குக் குறைந்த கூலி, ஏட்டிலோ வேலைக்கு வராதவர் பெயரெல்லாம்! 1994 முதல் ஊர்க் கூட்டங்களில் அந்த வருகைப் பதிவேடுகளை உரக்கப் படித்தார்கள். 1996-இல் பியாவர் நகரில் நாற்பது நாள் தர்ணா இருந்தார்கள். கல்லுடைத்த கைகள் கேட்டது பணத்தைக் கூட அல்ல, காகிதத்தை.

இன்று முப்பது நாளில் பதில் தர வேண்டும். உயிர், சுதந்திரம் பற்றியதாயின் நாற்பத்தெட்டு மணி நேரம். கேட்பவர் காரணம் சொல்ல வேண்டுவதில்லை. சட்டம் நிய்யத்தைக் கேட்காது, அல்லாஹ் கேட்பான். மனுவைக் காட்டி மிரட்டிக் காசு பறிப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் செய்வது துருவுதலை விட இழிந்தது. அதற்காக வாசலையே அடைப்பது, திருடன் வருகிறான் என்று பள்ளிவாசலைப் பூட்டுவது போலாகும்.

விந்தை என்னவெனில், எங்கள் பெரியவரின் வாதத்தையே அரசும் கையில் எடுத்திருக்கிறது. 2023-இல் நிறைவேறிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தனிநபர் பற்றிய தகவலுக்கு இருந்த விலக்கைப் பெரிதாக்கியது. பொதுநலன் மிகுமாயின் கொடுக்கலாம் என்ற வேறொரு பிரிவு நிற்கிறது என்பது மெய்தான். என்றாலும் ஒருவர் நோயும் குடும்பமும் அந்தரங்கம். வடிகாலை அளந்து அவர் இட்ட கையொப்பமும் அந்தரங்கமா?

இவையெல்லாம் யோசித்துப் பெரியவர் வீட்டுக்கு நானே போய்ச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். “அப்படியானால் நாளைக்கு நம் பள்ளிவாசல் கணக்கையும் கேட்பானே, ஹஜ்ரத்?” என்றார்.

கேட்கட்டும், என் சம்பளத்திலிருந்தே தொடங்கட்டும் என்றேன். அந்தச் சம்பளத்தை மாதந்தோறும் என் கையில் தருபவர் அவர்தான். அவர் ஒன்றும் சொல்லவில்லை; டீ வந்தது, குடித்தோம். கணக்கு நோட்டு இன்னும் அவர் வீட்டு அலமாரியில்தான் இருக்கிறது.