கருவியும் கருத்தாவும்

புத்தளம் மாவட்டக் கரையோரத்திலே அமைந்த உடப்பு, பழமை வாய்ந்த தமிழ் மீனவக் கிராமமாகும். அங்குள்ள திரௌபதை அம்மன் ஆலயத்தில் ஆடி மாதத்தே நிகழும் தீமிதிப்பு பலரும் அறிந்தது. நேர்த்தி வைத்த அடியார் தணல் பரப்பிய குழியிலே வெறுங்காலுடன் நடக்கின்றனர். இந்நடையை நடத்துவது மூளையா, அன்றி அதற்கு அப்பாற்பட்ட ஒன்றா?

உடலியல் தரும் விடை தெளிவானது. ஏறக்குறைய 1,400 கிராம் நிறையுடைய மனித மூளையிலே 8,600 கோடி வரையிலான நரம்புக்கலங்கள் உள்ளன. தணலை நெருங்குகையில் அமிக்டலா என்னும் பகுதி அச்சத்தை எழுப்புகின்றது. நீள்வளையமையவிழையம் இதயத் துடிப்பை விரைவுபடுத்துகின்றது. சிறுமூளை அடிவைப்புத் தடுமாறாது காக்கின்றது. பெருமூளையின் நெற்றிப்புற மடல் பின்வாங்கத் துடிக்கும் உடலை அடக்கி, எண்ணிய செயலில் நிறுத்துகின்றது. கரித்தணல் வெப்பத்தை மெதுவாகவே கடத்துவதாலும் பாதம் கணநேரமே அதிற் படுவதாலும் பெரும்பாலும் புண் உண்டாவதில்லை. முண்ணாண் வழியே ஏறும் நோவுக் கணத்தாக்கங்களை மூளையே தணிக்கவுங்கூடும் என்பதை 1965 இல் மெல்சாக், வோல் ஆகிய இருவரும் வெளியிட்ட கொள்கை எடுத்துரைத்தது.

இவ்வளவும் அறிந்தபின், எல்லாம் மூளையின் தொழிலே, பக்தி வெறும் மயக்கம் என முடிவு கூறுவோர் உளர். அம்முடிவு தருக்க வழுவுடையது. நோயுற்ற மகவு பிழைத்தமைக்காக ஒரு தாய் தணலில் இறங்குகின்றாள் எனக் கொள்வோம். அவள் எவ்வாறு நடந்தாள் என்பதற்கு நரம்பியல் விடை தரும். எதற்காக நடந்தாள் என்பதற்கு அவளது அன்பும் நன்றியும் வாக்குத் தவறாமையுமே விடையாகும். கணக்கைச் செய்யும் மாணவனின் மூளையும் நரம்புக்கலங்களாலேயே இயங்குகின்றது. அதனால் அவன் கண்ட விடை பொய்யாகிவிடாது. பக்தியை ஐயுறுவோரின் ஐயமும் அவ்வாறு பிறந்ததே.

மெய்கண்டார் சிவஞானபோதத்தில் அந்தக்கரணங்களை உயிரினின்றும் வேறுபடுத்தினார். கருவி வேறு, கருத்தா வேறு என்பது சித்தாந்தத்தின் துணிபு. எனினும், 1848 இல் அமெரிக்காவிலே இருப்புக்கோல் ஒன்று நெற்றிப்புற மடலைத் துளைத்தபின் பினியாஸ் கேஜ் என்பாரின் குணமே மாறியதென அவரது மருத்துவர் பதிந்துள்ளார். கருவி பழுதுற்றால் கருத்தாவும் மாறுவானா என்னும் வினாவைச் சித்தாந்தியும் எதிர்கொள்ளல் வேண்டும்.

இவ்வழக்கு எளிதில் தீர்வதன்று. ஆயின், அறம் அத்தீர்ப்புக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. செயலின் பொறிமுறையை அறிந்தவர் அதன் நோக்கத்தை இகழ்தல் தகாது. தணலை வென்ற அடியாரும் அஞ்சி நிற்கும் பிறரை அதிலே இறங்குமாறு வற்புறுத்தல் தகாது. தானே விரும்பி ஏற்ற துன்பம் நேர்த்தியாகும். பிறர்மேற் சுமத்தியது கொடுமையாகும். இரண்டையும் செய்யவல்ல மூளையே அவற்றின் வேறுபாட்டை உணரவும் வல்லது. மனிதனின் பொறுப்பு அவ்வுணர்விலேயே தொடங்குகின்றது.