உடைந்த இலை



மானாமதுரைக்கு அருகே இடைக்காட்டூர் திருஇருதயக் கோவிலுக்கு நம்மில் அநேகர் யாத்திரை போயிருக்கிறோம். பீடத்தின்முன் முழந்தாளிட்டு மன்றாடினோம். தலையை உயர்த்தி அதன் சுவர்களைப் பார்த்தவர்கள் எத்தனை பேர்?

பிரெஞ்சு நாட்டவரான பெர்டினாண்டு செல் சுவாமியார் 1894-ம் ஆண்டில் அதைக் கட்டினார். பிரான்சிலுள்ள ரேம்ஸ் நகரத்துப் பேராலயமே அதற்கு மாதிரி. அங்கே தூண்களின் தலைப்பில் திராட்சைக் கொடியையும் இலைகளையும் கல்லில் செதுக்கியிருக்கிறார்கள். கூர்முனை வளைவும் இவ்விதப் பூவேலையும் கோத்திக் முறைக்கு அழகு. நம் பக்கத்திலோ மண்ணுக்குத்தான் பேர். கடம் செய்யும் மானாமதுரையைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமா! ஆகையால் உளி செய்த வேலையை இங்கே அச்சு செய்தது. மண்ணைப் பிசைந்து, அச்சிலிட்டு, உலர்த்தி, சூளையில் சுட்டார்கள். செங்கலும் ஓடுமாக ஏறக்குறைய 200 தினுசு என்பார்கள். சுட்ட மண்ணைத் திருத்த முடியாது. ஒரு பூவின் விளிம்பு உடைந்தால் எந்தக் கடையிலும் வாங்கமுடியாது. புதிதாய் அச்சு செய்யவேண்டும்.

இதை ஏன் சொல்லுகிறேன்? திருவிழா வந்தால், சீரியல் செட் கட்டுவதற்காக நம் கோவில்களில் கண்ட இடத்தில் ஆணி அடிக்கிறோம். சுதைப் பூ உதிர்கிறது. மறுநாள் கூட்டிக் குப்பையில் கொட்டுகிறோம். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளில் பழைய வீடுகளின் நிலையும் தூணும் விலைக்கு நிற்கக் காண்கிறோம். வீட்டுக்காரர் விற்கிறார், அது அவர் சொத்து. கோவிலின் பூ யார் சொத்து?

ஏழை பசித்திருக்க அலங்காரம் எதற்கு என்பீர்கள். நியாயமான கேள்விதான், நானும் கேட்டதுண்டு. ஆனால் புதுப் பூவேலைக்கு நான் பணம் கேட்கவில்லை. இருப்பதை உடைக்காதிருக்கக் காலணாச் செலவில்லை.

அந்த ரேம்ஸ் கோவில் வாசலில், புன்னகை செய்யும் சம்மனசு ஒன்று கல்லில் நிற்கிறது. 1914 செப்டம்பரில் ஜெர்மானியரின் குண்டுவீச்சில் கோவில் தீப்பற்றியபோது அதன் தலை விழுந்து சிதறிப்போயிற்று. சண்டை நடுவிலும் அந்தத் துண்டுகளைப் பொறுக்கி வைத்தார்கள். முன்பே எடுத்திருந்த அச்சும் உதவ, 1926-ல் அந்தப் புன்னகை மறுபடி அதன் இடத்திற்கு வந்தது.

அப்பங்கள் பலுகின நாளிலே, மீந்த துணிக்கைகளைச் சேர்க்கும்படி சேசுநாதர் சீஷர்களுக்குக் கற்பித்தார். பன்னிரண்டு கூடை நிறைந்தது. வருகிற சனிக்கிழமை கோவில் கூட்டும் பிள்ளைகளே, பூத்துண்டு எதுவும் கண்ணில் பட்டால், விரல்நுனி அளவானாலும் சக்கிறீஸ்தில் கொண்டுவந்து கொடுங்கள். எந்தச் சுவரிலிருந்து விழுந்தது என்று ஒரு சீட்டில் எழுதி அதோடு வையுங்கள்.