சிறைப்புறத்தில் நிற்பவர்

குறுந்தொகைப் பாட்டுகளுக்கு அடியில் சின்னதாக ஒரு குறிப்பு இருக்கும். சொல்பவர் யார், யாரிடம் சொல்கிறார், எந்தச் சமயத்தில் என்று. பாடியவர்கள் எழுதியதல்ல, பின்னால் தொகுத்தவர்கள் சேர்த்தது என்பார்கள். இருந்தாலும் அதைப் படிக்காமல் பல பாட்டுகளுக்குள் நுழையவே முடியாது. அந்தக் குறிப்புகளில் திரும்பத் திரும்ப வரும் ஓர் ஏற்பாடு உண்டு. தலைவி தோழியிடம் பேசிக்கொண்டிருக்கிறாள். அவளைப் பார்க்க இரவில் வந்த தலைவன் வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கிறான். அவன் நிற்பது அவளுக்குத் தெரியும். அம்மா இன்னும் தூங்கவில்லை, நிலா வேறு காய்கிறது, ஊர் வாயை மூட முடியவில்லை என்று தோழியிடம் புலம்பினால் போதும். காலாகாலத்தில் வந்து பெண் கேள் என்ற சேதி வேலியைத் தாண்டிப் போய்விடும். இதற்குச் சிறைப்புறம் என்று பெயர். பேச்சு ஒருவரிடம், காதில் விழவேண்டியது இன்னொருவருக்கு. அதையே அவனிடம் நேராகச் சொல்லியிருந்தால் நமக்கு ஒரு சச்சரவு மிஞ்சியிருக்கும், பாட்டு மிஞ்சியிருக்காது.

எழுத்தாளரைக் குடும்பம் எப்படி உருவாக்குகிறது என்று கேட்டால் நம்மிடம் இரண்டு பதில்கள் தயாராக இருக்கின்றன. ஒன்று ரத்தம்: தாத்தா புராணம் சொன்னார், அப்பா பாடினார், பேரனுக்கு வந்துவிட்டது. மற்றது சரக்கு: அத்தையின் கண்ணீரும் பாகப்பிரிவினையும் பாட்டி சொன்ன கதையும் நாவலாகிவிட்டன. இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் புராணம் சொன்ன தாத்தாவும் அழுத அத்தையும் இல்லாத வீடு எது? சரக்கு எல்லா வீட்டிலும் கிடக்கிறது. குடும்பம் எழுதுகிறவருக்குத் தருவதில் முக்கியமானது வேறொன்று என்பது என் எண்ணம். அது ஒரு காது. அச்சில் வாசகரிடம் பேசிக்கொண்டிருக்கும்போது வேலிக்கு அந்தப் பக்கம் வீட்டு ஆள் ஒருவர் நின்றுகொண்டே இருக்கிறார். அவர் காதில் விழவேண்டும் என்ற ஏக்கமோ, விழுந்து தொலைக்கக் கூடாதே என்ற அச்சமோ ஒரு வாக்கியம் எவ்வளவு நீளம் போகும், எந்தச் சொல் உள்ளே வரும், எது சொல்லாமலே விடப்படும் என்பதைத் தீர்மானிக்கிறது. நடை என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு இந்தக் கவனம்தான்.

இதற்கு ஃபிரான்ஸ் காஃப்காவைவிடத் துலக்கமான சாட்சி எனக்குத் தெரியவில்லை. 1919 நவம்பரில், பிராகுக்கு வடக்கே ஷெலேசன் என்ற சிற்றூரில் தங்கியிருந்தபோது, 36 வயதான மகன் தன் தகப்பனாருக்குக் கையால் 100 பக்கத்துக்கு மேல் ஒரு கடிதம் எழுதினார். என்னைப் பார்த்து ஏன் பயப்படுகிறாய் என்று தகப்பன் கேட்ட கேள்விக்கு அது பதில். ஹெர்மன் காஃப்கா கிராமத்து வறுமையிலிருந்து வந்து, பிராகில் நூல், குடை, கைத்தடி முதலான சாமான்களுக்குக் கடை போட்டு முன்னுக்கு வந்தவர். உரத்த குரல், பெரிய உடம்பு. மகன் தான் எழுதிப் புதிதாக வந்த புத்தகத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தால், படுக்கை மேசைமேல் வை என்பாராம். பெரும்பாலும் சீட்டாடிக்கொண்டிருக்கும் நேரமாக இருக்கும். அந்த மேசையைக் காஃப்கா மறக்கவே இல்லை; கடிதத்தில் எழுதிவைத்திருக்கிறார். என் எழுத்து முழுக்க உங்களைப் பற்றியதுதான், உங்கள் மார்பில் சாய்ந்து அழ முடியாததை அங்கே அழுதேன் என்ற பொருளிலும் சொல்கிறார். இதைவிட எனக்கு வியப்பாக இருப்பது கடிதத்தின் கடைசிப் பகுதி. இதையெல்லாம் படித்தால் அப்பா என்ன சொல்வார் என்று அவரே ஊகித்து, அப்பாவின் குரலில் தன்மேல் ஒரு குற்றச்சாட்டை எழுதி, அதற்கும் பதில் சொல்கிறார். காஃப்கா சட்டம் படித்தவர். தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு நிறுவனத்தில் வேலை. அந்தக் கடிதத்தில் வக்கீல் தந்திரங்கள் இருக்கின்றன என்று தோழி மிலெனாவிடம் அவரே ஒப்புக்கொண்டார். ஒவ்வொரு வாக்கியமும் எதிர்த்தரப்பின் ஆட்சேபத்தை முன்கூட்டியே கேட்டுக்கொண்டு, ஒரு அடி பின்வாங்கி, மறுபடி முன்னேறுகிறது. 'விசாரணை' நாவலைப் படித்தவர்களுக்கு இந்த நடை பழக்கமானது. கடிதம் அம்மாவிடம் கொடுக்கப்பட்டது, அவர் அதைக் கணவரிடம் சேர்க்காமல் மகனிடமே திருப்பிவிட்டார் என்று நண்பர் மாக்ஸ் பிராடு எழுதியிருக்கிறார். அதே காலத்தில் வெளியான 'கிராமத்து மருத்துவர்' தொகுப்பைக் காஃப்கா காணிக்கையாக்கியதும் அப்பாவுக்கே. மகன் 1924-இல் போனார். தகப்பன் 1931 வரை இருந்தார்.

காது கேளாதவரிடம் பேசுவது ஒரு நடையை உண்டாக்கினால், காது கூசுகிறவரிடம் பேசுவது வேறொரு நடையை உண்டாக்குகிறது. 2022-இல் நோபல் பரிசு பெற்ற ஆனி எர்னோவின் பெற்றோர் நார்மண்டியில் இவெத்தோ என்ற ஊரில் மளிகைக்கடையும் சிற்றுண்டிக்கடையும் சேர்த்து நடத்தியவர்கள். மகள் படித்து ஆசிரியை ஆனாள். ஆசிரியர் தேர்வில் தேறி இரண்டு மாதத்தில் அப்பா இறந்துபோனார், அது 1967. அவரைப் பற்றிய புத்தகம் 1983-இல்தான் வந்தது. இத்தனை வருட இடைவெளிக்குக் காரணம் விஷயம் கிடைக்காததல்ல. எந்தப் பிரெஞ்சில் எழுதுவது என்பதுதான் சிக்கல். வட்டாரப் பேச்சோடு வளர்ந்த அப்பாவின் பிரெஞ்சைப் பள்ளிக்கூடம் போன மகள் திருத்தியிருக்கிறாள். இப்போது அதே பள்ளிக்கூடத்துப் பிரெஞ்சில் உவமை அடுக்கி அவர் வாழ்க்கையை எழுதினால், அந்தத் திருத்தத்தை இன்னொரு முறை செய்ததாகும். ஆகவே எர்னோ அலங்காரமே இல்லாத தட்டையான நடையைத் தேர்ந்தார். வீட்டுக்குச் சேதி சொல்லக் கடிதம் போட்டபோது கைக்குத் தானாக வந்த நடை அது என்று அந்தப் புத்தகத்திலேயே சொல்கிறார். புத்தகத்தை வாங்கிப் படித்தது பாரிஸ். வாக்கியத்தின் நீளத்தைத் தீர்மானித்தது இவெத்தோவில் கல்லாவுக்குப் பின்னால் நின்றிருந்த ஒரு மனிதர். பின்னாளில் எர்னோ இன்னொரு சிறு புத்தகம் எழுதினார். தான் பிறப்பதற்கு இரண்டு வருடம் முன்பு, 1938-இல், தொண்டை அடைப்பான் நோயில் 6 வயதில் இறந்துபோன அக்காவுக்குக் கடிதம். முகம்கூடப் பார்த்ததில்லை. அம்மா ஒரு வாடிக்கைக்காரியிடம் பேசுவதை ஒட்டுக்கேட்டுத்தான் அப்படி ஒருத்தி இருந்ததே தெரியும். சிறைப்புறத்தில் நிற்க உயிரோடிருக்க வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை போலும்.

இது குடும்பமல்ல, வர்க்கம் என்று ஒருவர் இடைமறிக்கலாம். எர்னோவே அப்படித்தான் சொல்வார். தன் வீட்டுக் கதையைச் சமூகவியலாகப் படிக்கச் சொல்கிறவர் அவர். நம் ஊரில் வர்க்கம் என்ற இடத்தில் சாதி என்று போட்டுக்கொள்ளலாம். எழுத்தாளரை ஆக்குவது சமூகம், வீடு வெறும் வாசல்படி என்ற வாதம் பலமானதுதான். ஆனால் வர்க்கமும் சாதியும் யாருக்கும் கொள்கை விளக்கமாக வந்து சேர்வதில்லை. ஒரு சொல்லைத் தப்பாக உச்சரித்துவிட்டு மகள் முகத்தைப் பார்க்கும் அப்பாவாக வருகின்றன. விருந்தாளி வந்தால் எந்தத் தம்ளரை எடுப்பது என்று அம்மாவுக்கு வரும் தயக்கமாக வருகின்றன. சமூகத்தைப் பற்றிக் கட்டுரை எழுதும்போது நம் கை நடுங்குவதில்லை. அந்த அப்பாவை எழுதும்போது நடுங்குகிறது. நடை பிறப்பது அந்த நடுக்கத்தில் என்றால், சமூகம் தன் கையெழுத்தைப் போடும் இடம் வீடுதான்.

இன்னொரு ஆட்சேபம் எனக்கு அதிகத் தொல்லை தருவது. ஒரே வீட்டில் பிறந்தவர்கள் எல்லாரும் ஏன் எழுதுவதில்லை? ஆங்கில எழுத்தாளர்களான பிராண்டி சகோதரிகளுக்கு ஓர் அண்ணன்-தம்பி இருந்தார், பிரான்வெல். 1826-இல் அப்பா வாங்கிவந்த மரச்சிப்பாய்களை வைத்து நால்வரும் சேர்ந்துதான் கதை கட்டினார்கள். அதே அப்பா, அதே ஹாவர்த் ஊர், அதே காற்று. வீட்டின் நம்பிக்கை முழுவதும் பையன்மேல் இருந்தது. குடியிலும் கடனிலும் அழிந்துபோனது அந்தப் பையன். பெண்கள் 1846-இல் ஆண் சாயலுள்ள புனைபெயர்களில் கவிதைத் தொகுப்பு போட்டார்கள். ஆரம்பத்தில் விற்றது 2 பிரதி. தங்கள் புத்தகங்கள் வெளிவந்ததே பிரான்வெலுக்குக் கடைசிவரை தெரியாது என்று சகோதரிகளில் ஒருவரான சார்லட் எழுதியிருக்கிறார். இதிலிருந்து ஒரு சூத்திரம் எடுக்க முடியாது என்பதை ஒத்துக்கொள்கிறேன். வீடு எழுத்தாளரை உற்பத்தி செய்வதில்லை. எழுதப் போகிற ஒருவருக்கு எந்தக் காதிலிருந்து ஒளிய வேண்டும், எந்தக் காதைத் தேட வேண்டும் என்று மட்டும் அது சொல்லித்தருகிறது. ஒரே வீட்டில் ஒவ்வொரு பிள்ளைக்கும் அந்தப் பாடம் வேறு. பிரான்வெலிடம் எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். பெண்களிடம் யாரும் எதையும் எதிர்பார்க்கவில்லை. ஒளிந்துகொள்ள அவர்களுக்கு இடம் கிடைத்தது.

வீடே சீக்கிரம் கலைந்துவிட்டால்? பாரதிக்கு 1887-இல், 5 வயதில், தாய் போனார். எட்டயபுரத்தில் பஞ்சாலை தொடங்கி நொடித்துப்போன தந்தை 1898-இல் போனார். சிறைப்புறத்தில் நிற்க ஆளில்லை. ஆனால் 1917-இல் வந்த கண்ணன் பாட்டைக் கையிலெடுத்தால் உள்ளடக்கமே ஓர் உறவுப் பட்டியலாக இருக்கிறது: தோழன், தாய், தந்தை, சேவகன், சீடன், குழந்தை, காதலன், காதலி. காலியான நாற்காலிகள் ஒவ்வொன்றிலும் ஒரு தெய்வத்தை உட்கார வைத்துப் பார்க்கிறார். அந்தத் தந்தைப் பாட்டில் வருகிற தந்தையிடம் பொன்னுக்குக் குறைவே இல்லை என்பதைக் கவனிக்காமல் இருக்க முடியவில்லை. இது ஆழ்வார் மரபு, பெரியாழ்வார் யசோதையாகப் பாடவில்லையா என்று கேட்பார்கள். பாடினார். மரபு நாற்காலிகளைச் செய்து கொடுத்தது உண்மை. வேலைக்காரன் என்ற முக்காலியைப் பாரதியே இழுத்துப் போட்டுக்கொண்டார். எந்தெந்த நாற்காலி தன் வீட்டில் காலியாகக் கிடந்தது என்பதும் அவருக்கே தெரியும்.

இதுவரை சொன்னதில் காது ஓர் உருவகம். எழுதும் பெண்களில் பலருக்கு அது உருவகமே இல்லை. துவரங்குறிச்சியில் வயதுக்கு வந்ததும் பள்ளிக்கூடம் நின்றுபோன சல்மா, மணமான பிறகு இரவில் கழிப்பறையில் நின்றபடி துண்டுத் தாள்களில் கவிதை எழுதினார். அந்தத் தாள்களை வெளியே கொண்டுபோய்ச் சேர்த்தவர் அவருடைய தாய். படிப்பை நிறுத்தியதும் அந்தக் குடும்பம், கவிதையைக் கடத்தியதும் அந்தக் குடும்பத்தின் கை. சல்மா என்ற பெயரே வீட்டுக்குத் தெரியாமலிருக்கச் சூட்டிக்கொண்ட பெயர். எழுத்தாளரின் அடையாளத்தை உறவுகள் எப்படி வடிக்கின்றன என்று கருத்தரங்கு நடத்துகிறோம். இங்கே பெயர்ப்பலகையை எழுதியதே வேலிக்கு அந்தப் பக்கம் நின்றவர்கள்தான். அவருடைய நாவல் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' 2004-இல் வந்தபோது அதன் பெண்கள் ஒருவரிடம் ஒருவர் தாழ்ந்த குரலில் பேசுவதை வாசகர்கள் கவனித்தார்கள். ஆண் எப்போது உள்ளே வருவான் என்று தெரியாத அறையில் அப்படித்தான் பேச முடியும். ஒடுக்குமுறை நல்ல இலக்கியம் தரும் என்று யாராவது இதிலிருந்து முடிவுக்கு வந்தால், அந்தக் கழிப்பறையில் எழுதப்படாமல் போன தாள்களையும் அவர் எண்ணிச் சொல்ல வேண்டும்.

கடைசியாக, எழுத்தை வாழ்க்கைக் குறிப்பாகச் சுருக்கிவிடுகிற ஆபத்து. காதைத் தேடிப் போகிறவர்கள் சீக்கிரமே ஒட்டுக்கேட்கத் தொடங்கிவிடுகிறார்கள் என்பது நியாயமான பயம். புதுமைப்பித்தன் சென்னையிலும் பிறகு சினிமா வேலையாகப் புனேயிலும் இருந்துகொண்டு மனைவிக்கு எழுதிய கடிதங்கள் 'கண்மணி கமலாவுக்கு' என்ற நூலாகக் கிடைக்கின்றன. பணம் அனுப்ப முடியாத தவிப்பு, இதோ அனுப்பிவிடுகிறேன் என்ற உறுதி, உடம்பைப் பார்த்துக்கொள் என்ற கெஞ்சல். கதைகளில் கடவுளையே கேலி செய்தவர் இதில் ஒரு சாதாரணக் கணவர். இதைப் படித்துவிட்டு 'செல்லம்மாள்' கதைக்குப் போனால், சென்னையில் நோயாளி மனைவியைத் தன் கையால் பார்த்துக்கொள்ளும் ஜவுளிக்கடைப் பிரமநாயகம் பிள்ளையை அவராகவே பார்க்கத் தோன்றும். பார்க்கக் கூடாது. கதையில் சாகிறவள் செல்லம்மாள். நிஜத்தில் 1948-இல் போனவர் கணவர், கமலா அதற்குப் பிறகும் நெடுங்காலம் வாழ்ந்தார். கடிதம் கதைக்குச் சாவி தராது. அது காட்டுவது சுருதியை: மனைவியிடம் பொய்யும் ஆறுதலுமாகப் பேசிப் பழகிய குரல், கதையில் கண்ணீர் சிந்தாமல் ஒரு சாவைச் சொல்லும் குரலாகத் திரும்பி வருகிறது. நம் கையிலிருக்கும் நூலில் பேசுவது அவர் மட்டும்; கமலா கேட்கிறார், நாமும் அவரை அப்படிக் கேட்பவராகவே வைத்துப் பழகிவிட்டோம். கமலா விருத்தாசலமும் சிறுகதை எழுதியவர். தொகுப்பின் பெயர் 'காசுமாலை'. அந்தக் கதைகளை எழுதும்போது வேலிக்கு அந்தப் பக்கம் யார் நின்றிருந்தார் என்று விமர்சகர்கள் அதிகம் கேட்டதாகத் தெரியவில்லை.