கடிகாரம் யார் கையில்?

திருவண்ணாமலையில் மலைவலம் வருவோர் மலையைத் தம் வலக்கைப் புறமாகக் கொண்டு நடக்கிறார்கள். செங்கம் சாலையிலிருந்து பிரியும் பாதை, மரங்கள் அடர்ந்த பகுதியைக் கடந்து, பாதி வழிக்குச் சற்று அப்பால் அடி அண்ணாமலை என்னும் சிற்றூரை அடைகிறது. நகரத்தின் பெருங்கோவில் மலைக்குக் கிழக்கே நிற்கிறது. இவ்வூரும் இதன் பழங்கோவிலும் மலைக்கு மேற்கே இருக்கின்றன. நகரத்திலிருந்து பார்த்துப் பழகியவர்களுக்கு, அதே மலை இங்கே வேறொரு முகம் காட்டும்.

முழுச் சுற்றும் ஏறத்தாழ 14 கிலோமீட்டர். முழுநிலவு இரவுகளில் இலட்சக்கணக்கான மக்கள் வெறுங்காலுடன் நடக்கும் இப்பாதையில், பிற நாள்களின் விடியற்காலையில் காலணி அணிந்து ஓடுவோரும் உண்டு. நடப்பவருக்கு நான்கு மணி நேரம் பிடிக்கும் தொலைவை, நன்கு பழகியவர் ஒன்றரை மணி நேரத்திற்குள் ஓடி முடித்துவிடுவார். கடற்கரையில் ஓடுவோரை மணலும் எதிர்க்காற்றும் தளர்த்தும். இங்கே மிதமான ஏற்ற இறக்கங்கள், ஓரத்து மர நிழல், புறப்பட்ட இடத்திற்கே வந்து சேரும் வசதி என்று ஓடுவோர் விரும்பும் யாவும் அமைந்திருக்கின்றன.

நடப்பதற்கென்று, அதுவும் மெல்ல நடப்பதற்கென்று, தலைமுறைகள் போற்றிவந்த பாதையில் ஒருவர் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டே ஓடுவது முறையா? அது அயலாரின் வழிபாட்டிடம். அங்கே எது தகும், எது தகாது என்று தீர்ப்புச் சொல்ல நாம் யார் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் விரைவு மனிதனை என்ன செய்கிறது என்னும் வினாவுக்குத் தம்மவர், அயலவர் என்ற பாகுபாடு கிடையாது. ஆகவே தீர்ப்பை விடுத்து, வினாவை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

1896இல் இளைஞராக இங்கு வந்து, 1950இல் மறையும்வரை இம்மலையை விட்டு அகலாத இரமண மகரிஷி, அடியார்களோடு பலமுறை மலைவலம் வந்தவர். நிறைமாதக் கருவுற்ற அரசி நடப்பதுபோல நடக்க வேண்டும் என்னும் மரபை அவர் எடுத்துச் சொல்வதுண்டு. உவமையை ஊன்றி நோக்குவோம். அரசியை விரட்ட எவராலும் இயலாது. அவளுடைய நேரம் அவளுடையது. கருவுற்றவளோ தனக்காக மட்டும் அடியெடுத்து வைப்பதில்லை. இன்னோர் உயிரையும் சுமந்து நடக்கிறாள். தன் நேரத்திற்குத் தானே உரிமையாளராக இருப்பதையும், பிற உயிருக்குப் பொறுப்பாளராக இருப்பதையும் ஒரே நடையில் இணைத்த உவமை இது.

இன்னொரு வழக்கமும் உண்டு. மலைவலம் வருவோர் சாலையின் இடப்புறமாகவே நடக்க வேண்டுமாம். மலையை ஒட்டிய வலப்புறத்தில், கண்ணுக்குப் புலப்படாத சித்தர்கள் வலம் வருகிறார்கள் என்பது நம்பிக்கை. அதை நாம் ஏற்காமல் இருக்கலாம். ஆயினும் காணப்படாதவருக்காகப் பாதையில் ஒரு பகுதியை ஒழித்துவைக்கும் பண்பு எண்ணிப் பார்க்கத் தக்கது. காணப்படுகிறவருக்கே வழிவிடாத சாலைகளில்தானே நாம் நாள்தோறும் சென்று வருகிறோம்!

இவற்றையெல்லாம் கேட்டு, மெல்லச் செல்வது புண்ணியம், விரைந்து செல்வது பாவம் என்று முடிவு கட்டிவிடலாகாது. கருவுற்ற மரியா, தம்மைவிட மூத்தவரான எலிசபெத்தைக் காண யூதேயாவின் மலைநாட்டுக்கு விரைந்து சென்றார் என்றே லூக்கா எழுதுகிறார். கல்லறை வெறுமையாக இருக்கிறது என்று கேட்டதும் பேதுருவும் மற்றச் சீடரும் ஓடினார்கள். மற்றச் சீடர் பேதுருவை முந்திக்கொண்டு முதலில் போய்ச் சேர்ந்தார். ஆனால் உள்ளே நுழையவில்லை. பின்னால் வந்த பேதுருவே முதலில் நுழைந்தார். ஓட்டத்தில் வென்றவர் வாசலில் ஒதுங்கி நின்ற இந்தச் சிறு நிகழ்ச்சியை யோவான் ஏன் இவ்வளவு கவனமாகக் குறித்துவைத்தார் என்பது நாம் பலமுறை வியந்திருக்கும் ஒன்று.

ஜப்பானில் ஹியெய் மலையைச் சேர்ந்த புத்தத் துறவியர் சிலர், ஏழு ஆண்டுகளில் ஆயிரம் நாள்கள் அம்மலையைச் சுற்றி வரும் கடுந்தவத்தை மேற்கொள்கிறார்கள். நாளொன்றுக்கு 30 கிலோமீட்டருக்குக் குறையாத தொலைவை மிக விரைந்த நடையில் கடப்பதால், உலகம் அவர்களை நெடுந்தொலைவு ஓட்டக்காரர்களோடு ஒப்பிடுகிறது. ஆனால் வழியில் நூற்றுக்கணக்கான இடங்களில் நின்று வணங்கிய பிறகே அவர்கள் மேலே செல்ல வேண்டும். விரையக் கற்பதோடு நிற்கவும் கற்கிறார்கள்.

ஓடும் கால்களில் குற்றமில்லை என்றால், நெஞ்சை உறுத்துவது எது? 1973இல் டார்லி, பேட்சன் என்னும் இரு உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதற்குத் துணை செய்கிறது. அமெரிக்காவின் பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரி மாணவர் 40 பேரை அவர்கள் இதற்குத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு கட்டடத்திலிருந்து அடுத்த கட்டடத்திற்குச் சென்று சிறு உரை நிகழ்த்த வேண்டும் என்பதே மாணவருக்குச் சொல்லப்பட்டது. சிலருக்குத் தரப்பட்ட தலைப்பு நல்ல சமாரியர் உவமை! வழியில் ஒரு வாயிலருகே ஒருவர் தலைகுனிந்து, இருமி முனகியபடி கிடக்குமாறு ஏற்பாடு செய்திருந்தார்கள். நேரம் நிறைய இருக்கிறது என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் 63 விழுக்காட்டினர் ஏதேனும் ஒருவகையில் உதவ முன்வந்தார்கள். ஏற்கெனவே தாமதமாகிவிட்டது என்று அவசரப்படுத்தப்பட்டவர்களில் உதவியோர் 10 விழுக்காட்டினரே. உரையின் தலைப்பு எதுவாயினும் பெரிய வேறுபாடு தென்படவில்லை. சமாரியரைப் பற்றிப் பேசப் போன சிலர், கிடந்தவரைத் தாண்டிக் கால் வைத்தே சென்றிருக்கிறார்கள்.

இந்த ஆய்வை மறையுரைகளில் எடுத்துக்காட்டுவோர், அவசரம் அன்பைக் கொல்கிறது என்று சொல்லி முடித்துவிடுவது வழக்கம். நமக்கு அதில் மனநிறைவு இல்லை. அம்மாணவர்களுக்குத் தாமதமாகிவிட்டது என்று சொன்னவர் யார்? கடிகாரம் மாணவர் கையில் இருக்கவில்லை. அனுப்பியவர் கையில் இருந்தது. எரிகோ சாலையில் விலகிச் சென்ற குருவும் லேவியரும்கூட யாரேனும் குறித்துக் கொடுத்த நேரத்தை நோக்கி நடந்தார்களோ என்னவோ! இதனால் அவர்கள் குற்றமற்றவர்கள் ஆகிவிட மாட்டார்கள். ஆயினும் விசாரணை அவர்களோடு மட்டும் நின்றுவிடலாகாது.

மலைப்பாதை ஆனாலும் கடற்கரைச் சாலை ஆனாலும், நம் ஊர்களில் விடியுமுன் எழுந்து ஓடும் இளைஞர்களை எண்ணிப் பாருங்கள். அவர்களில் பலர் உடல் மெலியவோ பதக்கம் பெறவோ ஓடுவதில்லை. தமிழ்நாட்டுக் காவலர் தேர்வின் உடல்திறன் சோதனையில் ஆண்கள் 1500 மீட்டர் தொலைவை 7 நிமிடங்களில் ஓடி முடிக்க வேண்டும். ஒரு நொடி பிந்தினாலும் எழுத்துத் தேர்வில் பெற்ற வெற்றி பயனற்றுப் போகும். சில வீடுகளில் அதோடு ஒரு குடும்பத்தின் நம்பிக்கையும் போகும். அவனிடம் போய், அரசியைப்போல நடந்து பார், மனம் அமைதி பெறும் என்று யார் சொல்லத் துணிவார்? நிதானத்தின் பெருமையை உரக்கப் பேசுவோர் பெரும்பாலும் யாருக்கும் கணக்குக் காட்டத் தேவையில்லாத நேரத்தை உடையவர்கள். இதைச் சற்றுக் கடுமையாகவே சொல்லத் தோன்றுகிறது. உணவுப் பொட்டலத்தைக் குறித்த நேரத்தில் சேர்ப்பதற்காக இருசக்கர வண்டியில் பறக்கும் இளைஞனை நாம் வசைபாடுகிறோம். வீட்டிலிருந்தபடியே, இன்னும் வரவில்லையா என்று மணி பார்ப்பவரும் நாம்தாம்.

ஆகஸ்டு 29இல் வேளாங்கண்ணியில் கொடியேறுவதற்கு முன்பே, காவியுடை அணிந்த நம் மக்கள் சென்னையிலிருந்தும் பிற ஊர்களிலிருந்தும் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக நடக்கத் தொடங்கிவிடுகிறார்கள். கொடியேற்றத்திற்கோ செப்டம்பர் 8ஆம் நாள் திருவிழாவுக்கோ போய்ச் சேர வேண்டும். எனவே அவர்களுடைய நடையிலும் ஒரு நாள்கணக்கு இருக்கிறது. வெயிலுக்கு அஞ்சி இருட்டிலேயே புறப்படுகிறார்கள். அந்த இருட்டில் சாலையோரத்தில் அவர்கள்மேல் வாகனம் மோதிய செய்திகளை நாம் பலமுறை படித்திருக்கிறோம். அங்கே நடப்பவர்தாம் ஒதுங்குகிறார். ஒதுங்க இடமில்லாதபோது உயிரைக் கொடுக்கிறார்.

அப்படியானால் சாலையை அகலமாக்கிவிட்டால் சரியாகிவிடும் என்று தோன்றலாம். திருவண்ணாமலையில் அம்முயற்சியும் நடந்தது. 2015-16இல் மலைவலப் பாதையை அகலப்படுத்துவதற்காக மரங்கள் வெட்டப்பட்டபோது எழுந்த எதிர்ப்பு, தேசிய பசுமைத் தீர்ப்பாயம்வரை சென்றது. கூட்டம் பெருகிவிட்டது, இடம் வேண்டும் என்றது ஒரு தரப்பு. வெறுங்காலுடன் நடப்பவருக்கு அந்த நிழல்தானே வழித்துணை என்றது மற்றொரு தரப்பு. இருவர் சொன்னதும் உண்மையே. எனினும் வெட்டப்பட்ட மரம் எத்தரப்பிலும் பேசக் கூடியதன்று.

இவ்வளவு பேசிய நாம், அடி அண்ணாமலையில் வாழ்பவர்களை இன்னும் கேட்கவில்லை. அவர்களுக்கு இது திருப்பயணப் பாதையும் அன்று, ஓட்டப் பாதையும் அன்று. வயலுக்கும் பள்ளிக்கும் கடைக்கும் போகிற தெரு. ஓடுபவர் சில நொடிகளில் அவர்களைக் கடந்து போய்விடுவார். முழுநிலவு இரவில் மெல்ல நடக்கும் இலட்சம் பேர் அப்படிக் கடந்து போய்விடுவதில்லை. மெல்ல நடப்பதும் பிறர் வழியை அடைக்கக் கூடும் என்பதை அவ்வூரார் நம்மைவிட நன்கு அறிவார்கள். அத்தகைய ஓர் இரவில், அவ்வூரின் ஏழைத் தாய் ஒருத்திக்குப் பேறுகால வலி எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 108 ஊர்தி வந்து நிற்கிறது. அவளும் நிறைமாதக் கருவுற்றவள்தாம். ஆனால் அவள் மெல்லப் போக முடியாது. முன்னே பார்த்தால், நகரம்வரை தலைகளாகவே தெரிகின்றன.