பயன் கருதிக் கற்றல்

கல்லூரி ஆசிரியர் ஒருவர் பாடத்தின் மிக நுட்பமான இடத்தை விளக்கிக்கொண்டிருக்கும் வேளையில், பின்வரிசை மாணவன் எழுந்து, "சார், இது பரீட்சைக்கு வருமா?" என்று கேட்கிறான். சோம்பலின் அடையாளமென்று அதனை ஒதுக்கிவிடுதல் எளிது. ஆயினும் பலனை விரும்பிச் செய்யும் கர்மத்தைப் பற்றிக் கீதை எழுப்பும் பெரும் பிரச்சினை, அவன் அறியாமலே, அச்சிறு வினாவில் அடங்கிக் கிடக்கிறது. கற்பவனுக்கு ஆசை வேண்டும் என்பதில் எவர்க்கும் ஐயமில்லை. எதன்மீது ஆசை என்பதே கேள்வி.

நம் முன்னோர் இதனைப் பாடம் தொடங்குமுன்பே கேட்டார்கள். பவணந்தி முனிவர் நன்னூலில், பாடம் சொல்லத் தகாதவர் இன்னாரென்று வகுக்குமிடத்தில், மந்தபுத்தியுள்ளவனோடு நில்லாமல், சினமுடையவனையும், செருக்குடையவனையும், பழைய நூல்களைக் கண்டு அஞ்சித் தடுமாறும் உள்ளத்தவனையும் சேர்த்தே விலக்குகிறார். சங்கரரோ பிரம்மசூத்திர பாஷ்யத்தின் தொடக்கத்திலேயே, பிரம்ம விசாரத்துக்கு முன் நித்தியாநித்திய விவேகம், இம்மை மறுமைப் போகங்களில் வைராக்கியம், மனவடக்கமாகிய சமம், புலனடக்கமாகிய தமம் முதலிய சம்பத்து, மோட்சத்தில் தீவிர இச்சை ஆகிய நான்கும் அமைந்திருக்க வேண்டுமென்று விதிக்கிறார். வைராக்கியத்தையும் இச்சையையும் ஒரே மாணவனிடம் அவர் வேண்டுவது கருதத்தக்கது. ஆசை அற்றுப்போன மனம் எதனையும் கற்பதில்லை; பலவற்றில் சிதறிய ஆசையை ஒன்றில் குவித்த மனமே கற்கிறது.

கற்பதற்கு மனப்பக்குவம் வேண்டும் என்ற இக்கருத்தை இக்காலத்து உளவியலும் தொடுகிறது. 1990-ல் அமெரிக்க உளவியலாளர்களான பீட்டர் சாலவேயும் ஜான் மேயரும், தன் உணர்ச்சியையும் பிறர் உணர்ச்சியையும் அறிந்து அவ்வறிவைக்கொண்டு எண்ணத்தையும் செயலையும் நடத்தும் ஆற்றலை, உணர்வுசார் நுண்ணறிவு என்று வகுத்துரைத்தார்கள். மோட்சம் அவர்களுடைய நோக்கமன்று. எனினும் அறிவுக்கு மனப்பக்குவம் துணை என்ற அளவில் சங்கரர் கூற்றும் இவர்கள் கூற்றும் ஒரே திசையை நோக்குகின்றன.

பலனைப் பற்றிய கேள்விக்கு, அவர்களுக்கும் முன்னரே, 1971-ல் உளவியலாளர் எட்வர்ட் டெசி வெளியிட்ட சோதனை ஒன்று நேராக ஒளி தருகிறது. துண்டுகளைப் பொருத்தி உருவங்கள் அமைக்கும் சோமா என்ற புதிரைக் கல்லூரி மாணவர்களிடம் கொடுத்து, ஒரு சாராருக்கு மட்டும், மூன்று அமர்வுகளில் நடு அமர்வில், தீர்த்த புதிர் ஒவ்வொன்றுக்கும் 1 டாலர் அளித்தார். ஒவ்வோர் அமர்விலும் இடையே 8 நிமிஷம் அவர் அறையைவிட்டு நீங்குவார். மாணவன் புதிரைத் தொடரலாம், அங்குள்ள பத்திரிகைகளைப் புரட்டலாம், சும்மாவும் இருக்கலாம். மூன்றாம் அமர்வில் பணம் நின்றபோது, முன்பு அதனைப் பெற்றவர்கள் தாமாகப் புதிரோடு கழித்த நேரம், ஆரம்பத்தில் இருந்ததைவிடக் குறைந்துபோயிற்று. பெறாதவர்களிடம் அக்குறைவு காணப்படவில்லை. இதன் எல்லைகளைக் குறித்துப் பின்வந்தோர் மிகவும் வாதிட்டதுண்டு. ஆனால் கூலி புகுந்தபின் வேலையின் இனிமை தேயக்கூடும் என்பதை மறுத்தல் அரிது.

அப்படியானால், குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்த ஒரு கூலித் தொழிலாளியின் மகளிடம், பலனை மறந்து படி என்று சொல்ல நமக்கு என்ன உரிமை இருக்கிறது? அவள் பெறும் பட்டம் வீட்டின் கடனையும் தம்பியின் படிப்பையும் தாங்க வேண்டியது. அந்த ஆசையை இழிந்ததென்று சொல்வது, பசியறியாதவர் செய்யும் உபதேசமாகும். கீதையும் பலன் இல்லையென்று கூறவில்லை; செயலின் வேளையில் சித்தம் பலனில் தங்கலாகாது என்றே கூறுகிறது என்பது என் கருத்து. வேலை என்ற நோக்கம் அவளைப் புத்தகத்தின்முன் கொண்டுவந்து அமர்த்தட்டும். அமர்ந்த அந்த ஒரு மணி நேரம் மட்டும் புத்தகத்துக்கே உரியதாகட்டும்.

அதற்கு வேண்டியது திதிட்சை எனப்படும் பொறுமை. அரியர் விழுந்த மாணவன் தோழர்முன் முகங்காட்ட நாணி விடுதி அறைக்குள் முடங்கி, அடுத்த பருவத்து வகுப்புகளையும் இழக்கிறான். அவனுக்குக் குறைந்தது புத்தியன்று. பழைய ஆசிரியர் அவனைத் தகுதியில்லாதவனென்று வாசலிலேயே திருப்பியிருப்பார். இன்றைய பல்கலைக்கழகம் எல்லோருக்கும் வாசலைத் திறந்தது பெரிய தர்மம். ஆனால் முன்பு வாசலில் சோதிக்கப்பட்ட பக்குவத்தை இப்போது உள்ளேதான் வளர்த்தாக வேண்டும். திருத்திய விடைத்தாளைத் தரும்போது, மதிப்பெண்ணோடு நிறுத்தாமல், பிழை எந்த வரியில் தொடங்கிற்று என்பதை அருகில் அமர்த்திக் காட்டுகிற ஆசிரியர், தம் பாடத்தோடு திதிட்சையையும் கற்பித்துக்கொண்டிருக்கிறார்.