சொல்லும் பேச்சும் பறச்சிலும்

மிஷனரி சார்லஸ் மீட் நாகர்கோவிலில் செமினரி தொடங்கி 200 ஆண்டு தாண்டிவிட்டது. இத்தனை தலைமுறை இங்கிலீஷ் படித்த ஊரிலும் பள்ளிப் பையன் ‘ஹி செட் மீ’ என்றுதான் முதலில் எழுதுகிறான். ‘செட்’டுக்குப் பின் சொன்ன விஷயம் வரவேண்டும், ‘டோல்டு’க்குப் பின் கேட்ட ஆள் வரவேண்டும் என்று வாத்தியார் சிவப்பு மையால் திருத்துகிறார். பையனைக் குறைசொல்ல முடியாது. தமிழில் ‘சொல்’ ஒன்றே இரண்டு வேலையும் பார்க்கிறது. ஆளை ‘கிட்ட’ கவனித்துக்கொள்ளும்.

தமிழ் கறாராக இருப்பது வேறோர் இடத்தில். குழந்தை பேசத் தொடங்கிவிட்டது என்கிறோம். சொல்லத் தொடங்கிவிட்டது என்றால், ‘எதை?’ என்ற கேள்வி உடனே வரும். சொல்வதற்குச் சரக்கு வேண்டும், பேச வாய் போதும். ஒரு மணி நேரம் பேசியும் ஒன்றும் சொல்லாதவர்கள் நம் மேடைகளில் ஏராளம். ‘சொல்லாமல் போனான்’ என்றால் தகவல் தரவில்லை. ‘பேசாமல் போனான்’ என்றால் முகம் கொடுக்கவில்லை. ‘பேசாம ஊருக்குப் போயிருவோம்’ என்பதிலோ பேச்சுக்கே இடமில்லை. வேறு யோசனை வேண்டாம் என்பதுதான் அதன் பொருள். உருபு மாறினால் கதையே மாறும். மாமியார் மருமகளோடு பேசினாள் என்றால் வீடு சுமுகம். மருமகளைப் பேசினாள் என்றால் ஏச்சு. இங்கிலீஷில் ‘டாக்’ கொடுக்கல் வாங்கல் உள்ள பேச்சு. மேடைப் பேச்சுக்கும் மொழி தெரிந்திருப்பதற்கும் ‘ஸ்பீக்’. நமக்கு இரண்டும் ‘பேசு’தான்.

கூறு, இயம்பு, விளம்பு, நவில், பகர், புகல் என்று பள்ளியில் ஒரே மூட்டையாகக் கட்டிக் கொடுக்கிறார்கள். எதுகை தேடுகிறவருக்கு உதவும், அவ்வளவுதான். தொல்காப்பியர் அப்படி மூட்டை கட்டுகிறவர் அல்ல. ஈ, தா, கொடு மூன்றையும் கேட்பவன் தாழ்ந்தவனா, ஒத்தவனா, உயர்ந்தவனா என்று பார்த்துப் பிரித்தார். ‘செப்பு’ அவரிடம் வெறும் பேச்சல்ல, வினாவுக்கான விடை.

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்கே, கல்குளம், விளவங்கோடு பக்கம் போனால் புழக்கத்திலேயே வேறு சில சொற்கள் உண்டு. 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடும் அதன் பின்வந்த திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்த மண். கிழக்கே தோவாளைக்காரர் ‘சொன்னான்’ என்பதை இங்கே ‘பறஞ்சான்’ என்பார்கள். மலையாளம் கலந்துவிட்டது என்று சிரிக்கிறவர்கள் உண்டு. பறைதல் என்றால் சொல்லுதல் என்பது பழந்தமிழிலேயே இருக்கிறது; மற்ற ஊர்கள் கைவிட்டதை இவர்கள் விடவில்லை. ‘மிண்டு’ இன்னும் நுட்பமானது. அதிகமும் எதிர்மறையில்தான் காதில் விழும்: ‘மிண்டாம இரி’, ‘அவன் ஒண்ணும் மிண்டல்ல’. சொன்னது என்ன, யாரிடம் என்பதெல்லாம் அதற்குப் பொருட்டில்லை. வாய் திறந்ததா இல்லையா, அதுமட்டும் கணக்கு.

பிறகு ‘விளி’. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தில் விளிமரபு என்று ஓர் இயலே உண்டு. அந்நூல் அரங்கேறியபோது கேட்டிருந்த அதங்கோட்டாசான், விளவங்கோடு பக்கத்து அதங்கோட்டுக்காரர் என்பது இங்குள்ளவர்களின் உறுதியான நம்பிக்கை. மற்ற ஊர்ப் பிள்ளைகள் விளி வேற்றுமையைத் தேர்வுக்கு மனப்பாடம் செய்வார்கள். அதங்கோட்டுப் பிள்ளைக்கு அது கைபேசியில் செய்கிற காரியம்: ‘வீட்டுக்குப் போயிட்டு விளி.’